நிறுத்தத் தெரிந்த டிரைவர்

"அவனுக்கு ஓட்டத் தெரியாதுய்யா, நிறுத்தத்தான் தெரியும்" என்று எங்கள் முதலாளி அவரைத் திட்டுவார். கோபத்தில் சொன்ன பேச்சு. ஆனால் அவரைப் பற்றி அதைவிடப் பொருத்தமாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை, நான் உட்பட.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போகிற தனியார் பஸ்ஸில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். ஐம்பதுகளில் நடந்த கதை. மாமல்லபுரம் என்று அப்போது புத்தகத்தில்தான் போடுவார்கள், பஸ் ஏறுகிறவர்களுக்கு அது மாவலிவரம். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ரகசியம் ஒன்றும் கிடையாது. அந்த ரோட்டில் அவரைப் பெயர் சொல்லி யாருமே கூப்பிட்டதில்லை. எனக்கு அண்ணாத்த, மற்ற எல்லோருக்கும் டிரைவர். பெயரைப் போட்டால் வேறு யாரைப் பற்றியோ எழுதுகிற மாதிரி இருக்கிறது.

மற்ற டிரைவர்கள் ஷெட்டில் கூடினால் வேகத்தைப் பற்றித்தான் பேச்சு. யாரை எந்தத் திருப்பத்தில் முந்தினேன் தெரியுமா என்று மீசையை முறுக்குவார்கள். இவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"அத்த வுடு. பிரேக்கு எங்க புடிச்சே?"

அதோடு சபை கலைந்துவிடும்.

எதற்குத்தான் நிறுத்த மாட்டார்? ரோட்டோரத்தில் ஓர் ஆட்டுக்குட்டி நின்று முழித்தால் நிறுத்துவார். "அது இன்னும் முடிவு பண்ணல நைனா, பொறு" என்பார். வரப்பில் ஒரு பெண்பிள்ளை தலைதெறிக்க ஓடிவந்தால், அவள் நம் பஸ்ஸுக்குத்தான் ஓடிவருகிறாளா என்று தெரிவதற்கு முன்பே நிறுத்துவார். ஒரு முறை அப்படித்தான் நிறுத்தினார். அவள் மூச்சு வாங்க வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "எம் மாடு இந்தப் பக்கமா போச்சா?" என்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல், "பாக்கலியேம்மா. கலரு இன்னா?" என்று விசாரித்தார். மகாபலிபுரம் போய்ச் சேருகிற வரைக்கும் இரண்டு பக்கமும் மாட்டைத் தேடிக்கொண்டே ஓட்டினார்.

எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அவர் நிறுத்தினால் போதும், பின்னாலிருந்து "ரைட், ரைட்" என்று தொண்டை கிழியக் கத்துவேன். பட்டணத்து ஜனங்கள் ஏறியிருந்தால் என் பாடு இன்னும் மோசம். திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிவேளைக்குக் கழுகு வரும் என்று அதைப் பார்க்கத்தான் அவர்கள் வருவார்கள். இவர் வழியில் நான்கு இடத்தில் நின்றால் நெளிய மாட்டார்களா?

"கழுகு வந்துட்டுப் போயிடுமே டிரைவர்!" என்று ஒருவர் எழுந்து நின்று கூச்சல் போட்டார்.

"அது பறந்து வருது சார், நாம உருண்டு போறோம். ரெண்டுத்துக்கும் பந்தயம் வெச்சா எப்டி?" என்றார் இவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இந்த மனுஷனோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன்! "ஓட்டற வேலைக்கு வந்துட்டு நிறுத்திகினே கீறியே, இதுக்கு ரயில்வே கேட்டுல வேலைக்குப் போயிருக்கலாமே அண்ணாத்த" என்பேன். "போயிருக்கலாம்தான். அங்க உன்ன மாதிரி கத்தறதுக்கு ஆளு இல்லியே" என்பார். இப்போது யாராவது அப்படி ஒரு பதில் சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது.

அவருக்கு நெஞ்சில் கோளாறு இருந்தது எனக்கு ஒரு சித்திரை வெயிலில்தான் தெரியவந்தது.

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி மகாபலிபுரம் போகிற ரோட்டில் ஓர் ஏரிக்கரை வரும். அதில் ஏறி இறங்கினால் ஒரு தாங்கல். எங்கள் பக்கத்தில் சின்ன ஏரியைத் தாங்கல் என்போம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற அங்கே நிறுத்துவது எங்கள் வழக்கம். அன்றைக்கு நிறுத்தினவர், தண்ணீர் மொள்ளுகிற தகரத்தை என் கையில் திணித்துவிட்டு விடுவிடு என்று கரையில் இறங்கினார். மண்டியிட்டார். முகத்தை அப்படியே தண்ணீருக்குள் விட்டுவிட்டார். விட்டவர் எடுக்கவே இல்லை. தகரத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். முகத்தை எடுக்காமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், பொறு என்று. அப்புறம் தலையைத் தூக்கி ஒரு பெருமூச்சு விட்டார்.

"நின்னுடுச்சி" என்றார்.

"இன்னா நின்னுடுச்சி? வண்டியா?"

என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "இப்ப ஒழுங்கா கீது பாரு. சித்த முன்னாடி வெச்சிருந்தேன்னா உன் கையத் தூக்கிப் போட்ருக்கும். உள்ளார கீறவன் திடீர்னு ஓட்டம் எடுத்துடறான்டா. நம்ம கையில இல்ல. கழுத்து வரிக்கும் வந்து அடிச்சிக்கறான். செங்கல்பட்டு டாக்டரு சொல்லிக் குடுத்தாரு, ஜில்லுனு தண்ணில மூஞ்சிய முக்கிகினு மூச்சப் புடிச்சா அடங்கிடுவான்னு. அடங்கிடறான்."

"ஓட்டிகினு இருக்கசொல்ல வந்தா?"

"அதான் நிறுத்திடறேனே. வர்றதுக்கு முன்னாடி ஒரு எகிறு எகிறுவான். அதான் எனக்கு நோட்டீஸு. நோட்டீஸு வந்த ஒடனே நான் பிரேக்குல கால வெச்சிடுவேன்."

தாங்கல் தூரத்தில் இருக்கும்போது வந்துவிட்டால் ரேடியேட்டர் தகரத்திலேயே முகத்தை முக்குவார். முக்கி எடுத்துவிட்டு மிச்சத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவார். "அதுவும் சூடாவுது, நானும் சூடாவறேன். ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அண்ணிக்கும் வராது. அவர் மனைவியைத்தான் சொல்கிறேன். தினமும் அவர் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அந்த அம்மாள் தூங்கப் போவாள். "பக்கத்து வூட்டு சண்டைய ஒட்டுக் கேக்கற மாதிரி கேக்கறாடா" என்று அதையும் கேலி செய்வார்.

இதெல்லாம் அவருக்கும் எனக்கும் அண்ணிக்கும் தெரிந்த கதை. பஸ்ஸில் வேறு ஒரு கதை ஓடியது.

மகாபலிபுரத்திலிருந்து ஒரு மீன்கார அம்மாள் தினமும் கூடையோடு திருக்கழுக்குன்றம் வந்து விற்றுவிட்டு, மத்தியானம் வெறுங்கூடையோடு எங்கள் பஸ்ஸில் திரும்புவாள். டிரைவர் அடிக்கடி தாங்கல் பக்கம் நிறுத்துவதையும், மண்டியிட்டு முகத்தை முக்குவதையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் குனிகிற திசையில் தூரத்தில் மலைக்கோயில் தெரியும். அதற்கு அவர் என்ன செய்வார்? கோயில் இருக்கிற பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத ஆசாமி அவர். அந்த அம்மாளோ பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டாள்.

"டிரைவருக்கு ஒரு வேண்டுதல் கீது. அந்த எடத்துல அம்மா கீறா. இல்லாங்காட்டி இந்த ஆளு இன்னாத்துக்குப் போயிப் போயி வுழறாரு?"

அடுத்த வாரம் தாங்கல் ஓரத்தில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தது. அதற்கடுத்த வாரம் குங்குமம், வேப்பிலை, ஒரு சிவப்புத் துணி. ஆடி பிறப்பதற்குள் அவளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள், மூஞ்சிமுக்கி அம்மன். பஸ் நின்றதும் ஜனங்கள் மொத்தமாக இறங்கி வரிசையாக மண்டியிட்டுத் தண்ணீரில் முகத்தை முக்குவார்கள். தேங்காய் உடைப்பார்கள். மத்தியில் எங்கள் டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். அவர் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழுந்திருப்பார்கள். பூசாரிக்கு முன்னால் எழுந்திருக்கலாமா?

அவருக்கு இது பெரிய பேஜாராகிவிட்டது. மீன்கார அம்மாளை ஒரு நாள் நிறுத்தி வைத்துச் சொல்லிப் பார்த்தார்.

"ஏம்மே, சாமியும் இல்ல பூதமும் இல்லமே. எனக்கு மாருல கோளாறு. படபடன்னு அடிச்சிக்குது. அதுக்கோசரம் மூஞ்சிய முக்கறேன். டாக்டரு சொன்னது."

"சாமி வந்தா மாரு அடிச்சிக்காம பின்ன இன்னா பண்ணும்?" என்றாள் அவள். "எனக்கும்தான் ஆடி மாசம் ஆனா அடிச்சிக்குது. நான் எந்த டாக்டராண்ட போனேன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

முதலாளி முதலில் குதித்தார். பிறகு, அம்மன் கோயிலில் நிற்கிற பஸ் என்று ஜனங்கள் எங்கள் வண்டிக்காகவே காத்திருந்து ஏறுவதைப் பார்த்து அடங்கிவிட்டார்.

ஒரு நாள் தண்ணீரில் எத்தனை முறை முக்கியும் அடங்கவில்லை. கரையிலேயே வெகுநேரம் மல்லாந்து கிடந்தார். சட்டை மேலேயே துடிப்பது தெரிந்தது. செங்கல்பட்டு டாக்டர் பார்த்துவிட்டு, இனி இது தண்ணீர் வைத்தியத்துக்கு அடங்குகிற சமாசாரம் இல்லை என்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே சில வாரம் படுக்கப் போட்டு, ஒரு கசப்பு மாத்திரையைப் பழக்கி அனுப்பினார்கள். குளிர்ஜுரத்துக்குக் கொடுப்பார்களே கொயினா, அதற்கு அண்ணன் தம்பி முறையாம் அந்த மாத்திரை. துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது, வண்டி ஓட்டலாம், மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்த மனுஷனைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளை மாதிரி இருந்தார். மாத்திரையால் காதில் எந்நேரமும் வண்டு ரீங்காரம் போட்டது, அதனால் நான் இரண்டு மடங்கு கத்தி ரைட் கொடுக்க வேண்டியிருந்தது. "இன்னும் கொஞ்சம் ஒரக்க சொல்லு நைனா, வண்டு வுட மாட்டேங்குது" என்பார். அது ஒன்றுதான் குறை. மற்றபடி, ரேடியேட்டருக்குத் திருக்கழுக்குன்றத்திலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டதால், தாங்கல் வரும், போகும், இவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவார். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போடுவார். அண்ணி என்னிடம் வந்து, "ராத்திரில காத வெச்சிக் கேட்டா ஒழுங்கா ஒரே மாதிரி அடிக்குது தம்பி. சண்ட சத்தமே இல்ல. எனக்குத்தான் தூக்கம் வர மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி புது வண்டி ஒன்று வாங்கி செங்கல்பட்டு - மெட்ராஸ் ரூட்டில் விட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கிளீனராக இருந்த காலத்திலிருந்து அண்ணாத்தக்கு அந்த ரூட்டின் மேல் ஓர் ஆசை. ஜி.எஸ்.டி. ரோட்டில், தாரில், புது வண்டியில், தாம்பரம் தாண்டி, பட்டணத்துக்குள் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் அவர் வாழ்க்கையில் கேட்டது. வண்டி உனக்குத்தான் என்று முதலாளியும் வாக்குக் கொடுத்துவிட்டார். கண்டக்டர் இவன்தான் என்று இவர் என்னைக் காட்டிச் சொல்லிவிட்டார். "பட்டணத்துல நீ ஒருத்தன்தான்டா ஆர்ன் தேவையில்லாத கண்டக்டரு" என்று என் தொண்டையைக் கேலி செய்துகொண்டே இருப்பார். பேச்செல்லாம் அதுதான். தைப் பொங்கலுக்குப் புது வண்டி வந்துவிடும் என்று இருந்தது.

ஜனங்களுக்கு மட்டும் இவர் குணமானது பிடிக்கவில்லை. நல்ல கூத்து!

"டிரைவரு அம்மாவ மறந்துட்டாரு" என்று மீன்கார அம்மாள் தாங்கல் வரும்போதெல்லாம் புலம்புவாள். "வேண்டுதல் முடிஞ்சா மூஞ்சிய திருப்பிக்கறதா? சாமி குத்தம் ஆவும், சொல்லிட்டேன்." மற்றவர்களும் சேர்ந்துகொண்டு முணுமுணுப்பார்கள். இவர் காதில் வண்டு இருந்ததால் கேட்காத மாதிரி ஓட்டிவிடுவார்.

கார்த்திகை மழை விட்டு நாலைந்து நாள் இருக்கும். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. மத்தியான டிரிப்பில் பஸ் நிறையக் கூட்டம். நான் பின்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஏரிக்கரை மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது இஞ்சின் திணறியது. இரண்டு குலுக்கல். அணைந்துவிட்டது. வண்டி மெல்லப் பின்னால் உருண்டது. ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் பின்சக்கரம் முட்டி நின்றது. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் ஏரி.

"அம்மா நிறுத்திட்டா!" என்று மீன்கார அம்மாள் கத்தினாள். "பாத்தியா, தாங்கல் வரிக்கும்கூட வுடாம இங்கியே நிறுத்திட்டா!"

ஒரே குலவை. கூட்டம் சந்தோஷமாக இறங்கி ஏரிப் பக்கம் ஓடியது. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அத்தனை மாதத்துக்குப் பிறகு பஸ் நின்றதில் அவர்களுக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

நான் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் போனேன். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

"மாத்திர சாப்டலியா?"

"சாப்ட்டேன்."

"திரும்பவும் வந்துடுச்சா?"

தலையை ஆட்டினார். தேறுதல் சொல்ல வேண்டுமே என்று, "பரவால்ல அண்ணாத்த. எப்பவும் மாதிரி டகார்னு நிறுத்திட்டியே, அது போதும்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"நான் நிறுத்தல நைனா."

"இன்னா சொல்ற?"

"நோட்டீஸே இல்ல. கண்ணு இருட்டிடுச்சி. முழிச்சிப் பாக்கறேன், வண்டி நின்னுகினு கீது. யாரு நிறுத்துனா, எப்ப நின்னுச்சி, எனக்கு ஒண்ணியும் தெரியாது. நான் நிறுத்தலடா."

வெளியே தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. அவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உறைத்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாருக்கும் தெரியாது அண்ணாத்த. உனக்கும் எனக்கும்தான் தெரியும். டாக்டராண்ட போனா மாத்திரைய ஏத்திக் குடுப்பாரு. பொங்கலுக்குப் புது வண்டி வருது. வாயத் தொறக்காத" என்றேன். அவர் ஆசை எனக்குத் தெரியுமே. அதை அவர் கையாலேயே கீழே போட்டுவிடக் கூடாது என்றுதான் இருந்தது எனக்கு.

அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். ஏரியில் முகத்தை முக்கி, அடங்கும்வரை காத்திருந்து, ஈரம் சொட்டச் சொட்ட வந்து கூட்டத்துக்கு முன்னால் நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. இது சாமி நிறுத்துனது இல்ல. எனக்கு மயக்கம் வந்துடுச்சி. வண்டி அதுவா நின்னுது. இன்னும் ஒரு அடி தள்ளிப் போயிருந்தா இத்தினி பேரும் தண்ணில கீறோம். நான் இனிமே ஓட்ட மாட்டேன்."

ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. மீன்கார அம்மாள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "ஒண்ணியும் ஆவாது, நீ ஏறு. அதான் அம்மா கீறாளே" என்றாள்.

"ஏம்மே, அவளுக்கு லைசென்ஸு கீதா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. கரையில் போய்க் குந்திக்கொண்டார். மிச்சம் கொஞ்ச தூரம்தான், மெதுவாக ஓட்டு என்று எல்லோரும் கெஞ்சிப் பார்த்தார்கள். அசையவே இல்லை. கடைசியில் நான் ஒரு சைக்கிளை இரவல் வாங்கித் திருக்கழுக்குன்றம் போய் மாற்று டிரைவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். அதுவரைக்கும் ஒருவரும் அவரைத் திட்டவில்லை. அவரைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். டாக்டர் மறுபடி பார்த்து மாத்திரையை ஏற்றிக் கொடுத்திருந்தார், பழையபடி அடங்கிவிடும் என்றும் சொல்லியிருந்தார். "டாக்டரே ஓட்டலாம்னுட்டாரு. அப்பறம் உனக்கு இன்னாடா? புது வண்டிய வேற எவன்கிட்ட குடுக்கறது?" என்று முதலாளி சத்தம் போட்டார்.

"மொத வாட்டியும் போயிடுச்சினுதான் சொன்னாங்க மொதலாளி. திரும்பி வந்துடுச்சே. அது மறுக்கா எப்ப வரும்னு அதுக்குத்தான் தெரியும். நான் அத்த நம்பி ஜனத்த ஏத்த முடியாது."

அண்ணி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். காப்பி மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

புது வண்டி வந்தது. வேறு டிரைவர் ஏறினார். என்னை அதில் கண்டக்டராகப் போகச் சொன்னார்கள், நான் மாட்டேன் என்றுவிட்டேன். என்ன வீம்பு என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு ஷெட்டில் வேலை கொடுத்தார்கள். காலையில் வெளியே போகிற ஒவ்வொரு வண்டியிலும் ஏறி பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். திருப்தி இல்லாவிட்டால் எவனாக இருந்தாலும் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்.

ஓய்வு நாளில் எங்கள் பஸ்ஸில் ஏறி மகாபலிபுரம் வருவார். டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற சீட்டுதான் வேண்டும். ஓர் ஆட்டுக்குட்டி ரோட்டோரம் நின்றாலும் அவருடைய வலது கால் தரைப் பலகையை அழுத்தும். அங்கே என்ன இருக்கிறது, வெறும் பலகைதானே. திருப்பத்துக்குத் திருப்பம் அழுத்துவார். செருப்புத் தேய்ந்துகொண்டே வந்தது, வலது கால் செருப்பு மட்டும். நடுவில் அவருக்கு வந்துவிடும். எனக்குத் தெரியும், கழுத்தைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன். விசிலை வாயில் வைப்பேன். வேண்டாம் என்று கண்ணால் தடுத்துவிடுவார். மடியில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருப்பார். ஈரத் துண்டை முகத்தில் போட்டு அழுத்திக்கொண்டு மூச்சைப் பிடித்து அடக்கிக்கொள்வார். "இத்தினி பேரு போயிகினு கீறாங்க. எனக்காக இன்னாத்துக்கு நிறுத்தறது?" என்பார்.

ஊருக்கெல்லாம் நிறுத்தின மனுஷன் தனக்காக நிறுத்தவிடவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வரும். கோபமும் வரும். பக்கத்தில் இருக்கிற பயணிமேல் எரிந்து விழுவேன்.

அடுத்த இரண்டு வருஷத்துக்குள் அவர் போய்விட்டார். ரோட்டில் இல்லை, வீட்டில்தான். முதுகில் காது வைத்தபடி அண்ணி தூங்கிப்போயிருந்தாளாம். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பு இல்லை. அவரை நினைத்தால் எனக்கு முன்னால் வருவது வேறு ஒரு நாள்.

மகாபலிபுரத்தில் மத்தியான டிரிப்புக்கு முன்னால் பஸ் சவுக்குத் தோப்பை ஒட்டி நிற்கும். அவருக்குப் பதில் வந்த டிரைவர் சாப்பிட்டுவிட்டு நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். அன்றைக்கு அண்ணாத்தயும் வந்திருந்தார். கல் உடைக்கிறவர்களின் உளிச் சத்தம்கூட இல்லை, எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். எதிரே கடற்கரை வரைக்கும் வெறும் மணல் தடம். சாவி வண்டியிலேயே இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, "அண்ணாத்த, ஒரே ஒரு வாட்டி ஓட்டு. ரோட்டுக்குப் போவ வாணாம். தோ, சமுத்திரம் வரிக்கும் போயிட்டு வந்துடலாம். காலி வண்டிதானே, யாருக்கு இன்னா?" என்றேன்.

மாட்டேன் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்தார். முன்னால் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். துண்டால் ஸ்டியரிங்கைத் துடைத்தார். துடைத்த கையை எடுக்காமலே கொஞ்ச நேரம் இருந்தார். ஸ்டார்ட் செய்தார். இஞ்சின் சத்தம் கேட்டதும் அவர் முகம் எப்படி மாறிற்று என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்தால்கூட மனுஷர்களுக்கு அப்படி மாறாது. கிளட்சை மிதித்து கியரைப் போட்டார். நான் படியில் ஏறி நின்றேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கியரைத் திரும்ப எடுத்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்த?"

"காலி வண்டின்னு சொன்னே? நீ கீறியே, நைனா."

எனக்கு ஒரு வினாடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தொப்பென்று கீழே குதித்தேன். மணலில் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, "தோ, எறங்கிட்டேன். இப்ப காலி. ஓட்டு!" என்று கத்தினேன்.

அவர் ஜன்னலில் கையை ஊன்றி என்னையே பார்த்தார். சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

"நீ எறங்கிட்டா ரைட்டு யாருடா சொல்றது? ரைட்டு இல்லாம நான் ஒரு நாளும் வண்டிய எடுத்தது கெடையாதே."

கீழே நின்றபடியே சொல்லலாம். தொண்டைக்கா பஞ்சம்? சொன்னால் எடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் எடுக்கவே மாட்டார் என்றும் தெரியும். அவர் கழுத்தைப் பார்த்தேன். தூரத்தில் இருந்ததால் துடிக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன். எத்தனையோ வருஷம் அவரை விரட்டி விரட்டிக் கத்தின வாய். சத்தம் வரவில்லை.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு இஞ்சினை அணைத்தார்.

இப்போது எனக்கு அவரைவிட வயசாகிவிட்டது. வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், ரைட் என்று. எடுப்பதற்கு ஆள் இல்லை.